முதல் மாத்திரைக்கு முன்

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து, குமரி மாவட்டமாக அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. ஆட்சி மாறியது, நோயாளிகள் போகும் வழி மாறவில்லை. பெரிய வியாதி என்றால் குமரி மாவட்டத்துக்காரர்கள் பலரும் இன்றும் முதலில் நினைப்பது திருவனந்தபுரத்தைத்தான். நாகர்கோவிலிலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர். களியக்காவிளை தாண்டினால் கேரளம். அங்கே மெடிக்கல் காலேஜை ஒட்டி நிற்கிறது ஸ்ரீ சித்திரா திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம். 1973-இல் திருவிதாங்கூர் அரச குடும்பம் கொடையாகத் தந்த கட்டடத்தில் தொடங்கி, 1980-இல் நாடாளுமன்றச் சட்டத்தின் வழியே தேசிய முக்கியத்துவம் பெற்ற நிறுவனமானது. இந்தியாவின் சொந்தச் செயற்கை இதய வால்வு பிறந்த இடம் இதுதான்.

செயற்கை வால்வு பொருத்திக்கொண்டவரை வெளியிலிருந்து பார்த்து அடையாளம் காண முடியாது. சட்டைக்குள் நெஞ்சின் நடுவே ஒரு நீளத் தழும்பு இருக்கும். ரத்தம் உறையாமல் இருக்கத் தினமும் போடும் மாத்திரையும், ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவை மாதந்தோறும் குறித்துவைக்கும் சின்ன நோட்டும் பையில் இருக்கும். இரவில் வீடு அடங்கிய பிறகு வால்வு மூடும் ஓசை அவருக்கே கேட்கும். சில வேளை பக்கத்தில் படுத்திருப்பவருக்கும் கேட்கும். அந்த ஓசைக்கு ஒரு குடும்பமே பழகிப்போகிறது.

இந்த வால்வில் பாக்டீரியா பிடித்தால் என்ன ஆகிறது, அதற்குச் சிகிச்சை என்ன என்பதே இக்கட்டுரையின் பொருள். மருந்து இருக்கிறது, அறுவை இருக்கிறது, இரண்டையும் செய்யத் தெரிந்தவர்கள் இரண்டு மணி நேரப் பயண தூரத்தில் இருக்கிறார்கள். ஆனாலும் நோயாளி பிழைப்பாரா என்பது பெரும்பாலும் அதற்கு முன்பே, காய்ச்சல் தொடங்கிய முதல் நாளில், ஊர் மருந்துக் கடையிலோ தெருமுனை கிளினிக்கிலோ தீர்மானமாகிவிடுகிறது. பெரிய மருத்துவமனைகளைப் பற்றிப் பேசும் அளவுக்கு இந்த முதல் நாளைப் பற்றி நாம் பேசுவதில்லை என்பது என் ஆதங்கம்.

வால்வு மாற்றும் தேவை ஏன் வருகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். மேலைநாடுகளில் இது முதியவர்களின் நோய்; வயதாக ஆக வால்வில் சுண்ணாம்பு படிந்து இறுகுகிறது. நம் நாட்டில் கதை வேறு. ஐந்து வயதுக்கும் பதினைந்து வயதுக்கும் இடையே குழந்தையின் தொண்டையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி வருகிறது. சரியாகச் சிகிச்சை செய்யாவிட்டால் சிலருக்கு ருமாட்டிக் காய்ச்சலாக மாறுகிறது. கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கிய ஆயுதம் உடலின் வால்வையே தாக்குகிறது. மூட்டு வீக்கம் சில வாரங்களில் வடிந்துவிடும். வால்வின் காயம் வடியாது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசியைப் பல ஆண்டுகள் போட்டுவந்தால் மேலும் கெடாமல் காக்கலாம். ஊசி விட்டுப்போனவர்கள் இருபது, முப்பது வயதில் மூச்சிரைத்துக்கொண்டு வருகிறார்கள். பெரும்பாலும் மைட்ரல் வால்வு, பெண்கள் அதிகம், பலருக்கும் முதல் பிரசவத்தின்போதுதான் நோயே தெரியவருகிறது. இப்படி இளவயதில் வால்வு மாற்றிக்கொண்டவர் அந்த வால்வோடு முப்பது நாற்பது ஆண்டுகள் வாழ வேண்டும். கிருமி பிடிக்கும் வாய்ப்பும் அத்தனை ஆண்டுகள் கூடவே வருகிறது.

குமரி மாவட்டத்தோடு பிணைந்த இன்னொரு இதய நோயையும் இங்கே சொல்லிவிடலாம். இதய அறைகளின் உள்சுவர் தழும்பேறி இறுகிப்போகும் நோய் ஒன்று கேரளத்தின் கடலோர ஏழைகளிடம் ஒருகாலத்தில் மிகுதியாக இருந்தது. ஸ்ரீ சித்திராவின் முதல் இயக்குநர் டாக்டர் எம். எஸ். வலியத்தான் அதற்கு அறுவை செய்து உள்சுவரைச் சீவியெடுத்து வால்வு மாற்றியவர். நோயின் காரணத்தைத் தேடிய அவரும் சகாக்களும் மோனசைட் மணலில் உள்ள சீரியம் என்ற தனிமத்தின் மேலும், உணவில் மக்னீசியம் குறைவதன் மேலும் சந்தேகம் கொண்டனர். திருவிதாங்கூரில் அந்த மோனசைட் முதன்முதலில் அடையாளம் காணப்பட்டது 1909-இல், நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில். அந்தக் கருதுகோள் முழுதாக நிலைநாட்டப்படவில்லை. நோயும் இன்று அரிதாகிவிட்டது. ஆனால் மண்ணையும் மனிதனின் இதயத்தையும் சேர்த்துப் பார்த்த அந்த ஆய்வு மனப்பாங்கின் மேல் எனக்குப் பெரும் மதிப்பு உண்டு.

அதே மனப்பாங்குதான் வால்வையும் உண்டாக்கியது. 1960-இல் அமெரிக்காவின் ஓரிகனில் ஆல்பர்ட் ஸ்டாரும் லோவெல் எட்வர்ட்ஸும் கூண்டுக்குள் பந்து வைத்த வால்வைச் செய்து வெற்றி கண்ட பிறகு, உலகெங்கும் வால்வு மாற்று அறுவை பரவியது. எழுபதுகளின் இறுதியில் இந்தியாவில் தேவைப்பட்ட ஒவ்வொரு வால்வும் இறக்குமதி. விலையோ சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாதது. வலியத்தானும் பொறியாளர் ஜி. எஸ். புவனேஸ்வரும் அவர்களின் குழுவும் சாய்ந்து திறக்கும் வில்லை கொண்ட வால்வை வடிவமைக்க முனைந்தார்கள். முதல் மூன்று மாதிரிகளும் தேறவில்லை. செயற்கை நீலக்கல்லால் ஆன வில்லையைக்கூட முயன்று பார்த்துக் கைவிட்டார்கள். இதயம் ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு லட்சம் முறை துடிக்கிறது. ஆண்டுக்கு மூன்றரைக் கோடிக்கும் மேல். அத்தனை முறையும் வில்லை திறந்து மூட வேண்டும், தேயக்கூடாது, முறியக்கூடாது, ரத்த அணுக்களை நசுக்கக்கூடாது. நான்காவது மாதிரியில் கோபால்ட் கலப்பு உலோகச் சட்டமும், மிக உயர் மூலக்கூறு எடை கொண்ட பாலிஎத்திலீன் வில்லையும், பாலியெஸ்டர் துணி வளையமும் அமைந்தன. செம்மறியாடுகளில் சோதித்த பிறகு, 1990 டிசம்பர் 6 அன்று முதல் மனித நெஞ்சில் அது பொருத்தப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் ஆறு மருத்துவமனைகளில் 306 பேரிடம் நடந்த பரிசோதனையில் தேறியது. டி.டி.கே. நிறுவனம் உற்பத்தியை ஏற்றது. டி.டி.கே. சித்ரா என்ற பெயரில் இதுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு அந்த வால்வு பொருத்தப்பட்டிருக்கிறது. வலியத்தான் 2024 ஜூலையில் காலமானார்.

மேலே சொன்ன அந்தப் பாலியெஸ்டர் துணி வளையத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். எந்த நிறுவனத்தின் உலோக வால்வானாலும் அதை இதயத் தசையோடு வைத்துத் தைப்பதற்குத் துணி வளையம் ஒன்று தேவை. கிருமி குடியேறும் இடமும் பெரும்பாலும் அதுதான்.

இதயத்தின் உள்ளுறையில் கிருமி பிடிக்கும் நோய்க்கு மருத்துவர்கள் எண்டோகார்டைடிஸ் என்று பெயர் சொல்வார்கள். 1885-இல் வில்லியம் ஆஸ்லர் லண்டனில் ஆற்றிய சொற்பொழிவுகளில் இதன் முழு உருவத்தையும் வரைந்து காட்டினார். ஆனால் அவர் கையில் மருந்து இல்லை. 1922, 1924 எவரெஸ்ட் பயணங்களில் பங்குகொண்ட டாக்டர் சாமர்வெல் நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் தங்கி ஆயிரக்கணக்கானோருக்கு வயிற்றுப்புண் அறுவை செய்த காலத்திலும் இதற்கு மருந்து இல்லை. நெய்யூருக்கு மட்டுமல்ல, லண்டனுக்கும் அதே நிலைதான். வால்வில் கிருமி என்று முடிவானால் குடும்பத்தாரிடம் சொல்லிவிட்டுக் காத்திருப்பார்கள். 1944-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் லியோ லோவ் என்ற மருத்துவர், போர்க்காலத்தில் தங்கத்தினும் அரிதாயிருந்த பென்சிலினைப் பெரும் அளவில் நாட்கணக்காகச் செலுத்தி ஏழு நோயாளிகளைக் காப்பாற்றியதாக எழுதினார். அதற்கு முன் பென்சிலினைச் சிறிய அளவில் கொடுத்துத் தோற்றிருந்தார்கள். அளவு அதிகம் வேண்டும், நாட்கள் அதிகம் வேண்டும் என்ற அன்றைய பாடம் இன்றுவரை இந்த நோயின் சிகிச்சைக்கு அடிப்படை.

ஏன் அத்தனை நாட்கள்? செயற்கை வால்வின் மேல் ஒட்டிய பாக்டீரியா தனித்தனியாக மிதப்பதில்லை. தம்மைச் சுற்றிப் பசை போன்ற ஒரு படலத்தைச் சுரந்து அதற்குள் கூட்டமாக ஒடுங்குகின்றன. குளத்துப் படித்துறையில் வழுவழுவென்று படிந்திருக்கும் பாசியை வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினாலும் போக்க முடியாது, தேய்த்தால்தான் போகும். வால்வைத் தேய்க்க வழியில்லை. படலத்தின் ஆழத்தில் இருக்கும் பாக்டீரியா உணவு குறைந்து, பெருகாமல், ஏறத்தாழ உறங்கிக் கிடக்கின்றன. பென்சிலின் வகை மருந்துகள் பெருகும் பாக்டீரியாவைத்தான் கொல்லும், உறங்குவதை விட்டுவிடும். துணி வளையத்துக்கு ரத்தக் குழாய் கிடையாது, எனவே வெள்ளை அணுக்களும் போய்ச்சேர வழியில்லை. மேலே பிளேட்லெட்டும் ஃபைப்ரினும் படிந்து ஒரு கட்டி வளர்கிறது. அதில் கிராமுக்கு நூறு கோடிக்கும் மேல் பாக்டீரியா இருக்கலாம். அதிலிருந்து ஒரு துணுக்கு உடைந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். மண்ணீரலுக்கோ சிறுநீரகத்துக்கோ காலுக்கோ போனால் அங்கே அடைப்பு.

வால்வு மாற்றியவர்களில் ஆண்டுக்கு நூறு பேருக்கு ஒருவர் என்ற அளவை ஒட்டியோ அதற்குக் கீழோ இந்தத் தொற்று வருகிறது. சிறிய எண்ணாகத் தோன்றும். ஆனால் வந்தவர்களில் ஐந்தில் ஒருவர் முதல் ஐந்தில் இருவர் வரை மருத்துவமனையிலேயே இறக்கிறார்கள்; உலகின் சிறந்த மையங்களிலும் இதுதான் நிலை. அறுவையான முதல் ஆண்டுக்குள் வருவதை முந்திய தொற்று என்கிறார்கள். அது பெரும்பாலும் அறுவை அரங்கிலோ தீவிர சிகிச்சைப் பிரிவிலோ நுழைந்த ஸ்டெஃபைலோகாக்கஸ். தோலில் சாதுவாக வாழும் எபிடெர்மிடிஸ் வகையும் அதில் சேரும். பிறகு வருவதற்குப் பல வாசல்கள் உண்டு: சொத்தைப் பல், ஈறு வீக்கம், சர்க்கரை நோயாளியின் கால் புண், சிறுநீர்த் தொற்று, டயாலிசிஸ் குழாய், நாட்கணக்கில் மாற்றாமல் கையில் விட்ட டிரிப்ஸ் ஊசி. வலை இழுக்கும்போது கிழிந்த விரலும், ரப்பர் பால் வெட்டும் கத்தி பட்ட காயமும் சீழ் பிடித்தால் வாசல்தான்.

இனி அந்த முதல் நாளுக்கு வருவோம். வால்வு மாற்றி நாலைந்து வருடமான ஒருவருக்குக் காய்ச்சல் என்று வைத்துக்கொள்வோம். குளிர் நடுக்கம் அதிகமில்லை. சாயங்காலம் உடம்பு சுடுகிறது, வியர்க்கிறது, சாப்பாடு இறங்கவில்லை. அவர் எங்கே போவார்? “அண்ணாச்சி, மூணு நாளா காய்ச்சலு. நல்ல மாத்திரையா ரெண்டு நாளைக்குத் தாங்க.” கடைக்காரரும் ஊரார்தான், நல்லெண்ணத்தோடு அசித்ரோமைசினோ அமாக்ஸிசிலினோ எடுத்துத் தருகிறார். குறையவில்லை என்றால் அடுத்த கட்டம் கிளினிக். அங்கே ஒரு செஃப்ட்ரையாக்ஸோன் ஊசி. குமரியில் மழைக்காலத்தில் டெங்கு உண்டு, எலிக்காய்ச்சல் உண்டு, டைஃபாய்டு உண்டு, ஸ்க்ரப் டைஃபஸ் உண்டு. காய்ச்சல் என்றால் மருத்துவர் மனம் அவற்றுக்குப் போவதில் தவறு சொல்ல முடியாது. ஊசி போட்டதும் காய்ச்சல் தணிகிறது. பத்து நாளில் திரும்ப வருகிறது. இன்னொரு ஊசி. இப்படியே ஒன்றரை மாதம் போய்விடும். கடைசியில் வாய் கோணியோ மூச்சு முட்டியோ ஆம்புலன்ஸில் திருவனந்தபுரம் போகும்போது, அங்கே ரத்தத்தை எடுத்து வளர்த்துப் பார்த்தால் எதுவும் வளர்வதில்லை. பாதி மருந்தில் பாதி செத்த பாக்டீரியா வால்வில் இருக்கிறது, ரத்தத்தில் பிடிபடுவதில்லை. எதிரி யாரென்று தெரியாமல் ஆறு வாரம் போரிட வேண்டிய நிலை. டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 1992-இல் வெளியிட்ட தொகுப்பில் எண்டோகார்டைடிஸ் நோயாளிகளின் சராசரி வயது 25-ஐ ஒட்டியிருந்தது. பாதிப்பேருக்குக்கூட ரத்தத்தில் கிருமி பிடிபடவில்லை. அன்றைக்குச் சுட்டப்பட்ட முக்கியக் காரணங்களில் ஒன்று, முன்கூட்டியே போட்ட ஆன்டிபயாட்டிக். இன்றைக்கும் அது மாறிவிடவில்லை.

இப்படி ரத்தத்தை எடுத்துக் கிருமியை வளர்த்துப் பார்க்கும் பிளட் கல்ச்சர் என்னும் பரிசோதனையில் நுட்பமான கருவி ஏதும் ஆரம்பத்தில் தேவையில்லை. கையைத் துடைத்து, மருந்து காயும்வரை காத்திருந்து, புதிதாக ஒரு நரம்பில் குத்தி ரத்தம் எடுக்க வேண்டும். ஏற்கெனவே போட்ட டிரிப்ஸ் குழாயிலிருந்து எடுக்கக்கூடாது. ஒவ்வொரு பாட்டிலுக்கும் 8 முதல் 10 மில்லி. இந்த அளவு முக்கியம், ஏனென்றால் நோய் முற்றியவரின் ரத்தத்திலும் ஒரு மில்லிக்குப் பத்துக்கும் குறைவான பாக்டீரியாதான் இருக்கலாம். 2 மில்லி எடுத்தால் தப்பிவிடும். அரைமணி நேர இடைவெளியில் மூன்று முறை, மூன்று வெவ்வேறு இடங்களில். நடுக்கம் வரும்போதுதான் எடுக்க வேண்டும் என்று காத்திருப்பவர்கள் உண்டு. இந்த நோயில் பாக்டீரியா ரத்தத்தில் இடைவிடாமல் கசிந்துகொண்டே இருப்பதால் காத்திருக்க வேண்டியதில்லை. மூன்று முறை எடுப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. எபிடெர்மிடிஸ் எல்லோர் தோலிலும் இருப்பதால் ஒரு பாட்டிலில் மட்டும் அது வளர்ந்தால் ஊசி வழியே புகுந்த அழுக்கு என்று ஒதுக்கிவிடுவார்கள். மூன்றிலும் அதே கிருமி வளர்ந்தால், செயற்கை வால்வு உள்ளவருக்கு அது அழுக்கல்ல, நோய். ஆக, மொத்தம் ஒன்றரை மணி நேர வேலை. நோயாளி மயங்கிச் சரியும் நிலையில் இருந்தால் இடைவெளி பாராமல் இரண்டு இடத்தில் எடுத்துவிட்டு உடனே மருந்தைத் தொடங்கலாம்.

அடுத்தது எக்கோ. நெஞ்சின் மேல் வைத்துப் பார்க்கும் சாதாரண எக்கோ செயற்கை வால்வில் பாதி நோயாளிகளைத் தவறவிட்டுவிடும். உலோகத்தின் நிழல் கட்டியை மறைக்கிறது. உணவுக்குழாய்க்குள் கருவியை விட்டு இதயத்தின் பின்பக்கத்திலிருந்து பார்க்கும் எக்கோவில் பத்தில் ஒன்பது பேருக்குத் தெரிந்துவிடும். “எக்கோவில் ஒன்றும் இல்லை” என்று எழுதிய தாளை வைத்துக்கொண்டு நிம்மதியடையும் முன், எந்த எக்கோ என்று கேட்க வேண்டும்.

கிருமியின் பெயர் தெரிந்தால் மருந்து முடிவாகிறது. வாயிலிருந்து வந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்றால் பென்சிலினோ செஃப்ட்ரையாக்ஸோனோ ஆறு வாரம். இவர்கள் நல்லூழ் உடையவர்கள். குடலிலிருந்து வரும் என்டரோகாக்கஸ் என்றால் ஆம்பிசிலினும் செஃப்ட்ரையாக்ஸோனும் சேர்த்து ஆறு வாரம். முன்பு இதற்கு ஜென்டாமைசின் கொடுத்துச் சிறுநீரகத்தையும் காதையும் பலிகொடுத்தார்கள். ஸ்டெஃபைலோகாக்கஸ் என்றால் கடினம். சாதாரண வகைக்குக் க்ளாக்ஸாசிலின் குடும்ப மருந்து. அதற்கு அடங்காத எம்.ஆர்.எஸ்.ஏ. வகைக்கு வான்கோமைசின். கூடவே முதல் இரண்டு வாரம் ஜென்டாமைசினும், சில நாள் கழித்து ரிஃபாம்பிசினும்.

இந்த ரிஃபாம்பிசின் காச நோய்க்குக் கொடுக்கும் அதே மருந்துதான். சிறுநீரைச் செம்மஞ்சளாக்கும் அதே மாத்திரை. பசைப் படலத்துக்குள் புகுந்து உறங்கும் ஸ்டெஃபைலோகாக்கஸைக் கொல்லக்கூடிய மிகச் சில மருந்துகளில் அதுவும் ஒன்று. ஆனால் பாக்டீரியா ஏராளமாக இருக்கும்போது தனியாகக் கொடுத்தால் இரண்டு மூன்று நாளிலேயே எதிர்ப்பு முளைத்துவிடும். அதனால் மற்ற மருந்துகள் ரத்தத்தைச் சுத்தம் செய்ய மூன்று முதல் ஐந்து நாள் அவகாசம் கொடுத்து அதன் பிறகே தொடங்கச் சொல்கிறார்கள். இன்னொரு சிக்கல் கல்லீரலில் நடக்கிறது. ரிஃபாம்பிசின் அங்கே சில நொதிகளைத் தூண்டிவிடுகிறது. அவை ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் வார்ஃபரினையும் அசிட்ரோமையும் வேகமாகச் சிதைத்துவிடும். 3-ஐ ஒட்டி இருந்த ஐ.என்.ஆர். சரிந்துபோகும், வால்வில் ரத்தம் உறையும் ஆபத்து. மாத்திரையை இரு மடங்கு, மும்மடங்கு என்று கூட்ட வேண்டிவரும். இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கவும், மூளையில் ரத்தக் கசிவு அபாயத்துக்காகவும் நோய் தீவிரமாக இருக்கும் நாட்களில் பல மையங்கள் மாத்திரையை நிறுத்தி ஹெப்பாரின் ஊசிக்கு மாறுகின்றன. ஆறு வாரம் முடிந்து ரிஃபாம்பிசினை நிறுத்தியதும் எதிர்ப்பக்கச் சறுக்கல் தொடங்கும். நொதிகள் இரண்டு மூன்று வாரத்தில் பழைய நிலைக்கு இறங்கும். கூட்டிவைத்த அளவிலேயே மாத்திரையைத் தொடர்ந்தால் ரத்தம் மிக நீர்த்து, மூக்கிலோ மூளையிலோ கசியும். நோய் தீர்ந்து வீடு திரும்பியவர் இப்படி இறந்தால் அதைவிடக் கொடுமை வேறில்லை. வீட்டுக்கு அனுப்பும்போது தரும் தாளில், ரிஃபாம்பிசின் நிறுத்திய நாளிலிருந்து ஒரு மாதத்துக்கு வாரம் ஒருமுறையாவது ஐ.என்.ஆர். பார்க்கச் சொல்லித் தமிழில் தெளிவாக எழுதித் தர வேண்டும்.

மருந்து மட்டும் போதாத நிலை ஏறத்தாழப் பாதிப்பேருக்கு வருகிறது. வால்வு தையல் விட்டு ஆடுவது, இதயம் திணறுவது, வளையத்தைச் சுற்றிச் சீழ்க்கட்டி, பூஞ்சைத் தொற்று, தகுந்த மருந்து கொடுத்தும் ஒரு வாரத்துக்கு மேல் ரத்தத்தில் கிருமி நிற்பது, பெரிய கட்டியிலிருந்து துணுக்குகள் பறப்பது ஆகியவை அறுவைக்கான அறிகுறிகள். மறு அறுவை என்பது முதல் அறுவையின் இருமடங்கு கடினம். மார்பெலும்புக்குப் பின்னால் இதயம் தழும்போடு ஒட்டிக்கிடக்கும். எலும்பை அறுக்கும்போதே விபத்து நேரலாம். பழைய வால்வையும் அழுகிய திசு முழுவதையும் வெட்டியெடுத்துவிட்டுப் புதிய வால்வு வைக்க வேண்டும். புதியது உலோகமா திசு வால்வா என்பதைவிட, அழுகியது முழுவதும் போனதா என்பதே பலனைத் தீர்மானிக்கிறது.

சீழ்க்கட்டியை முன்கூட்டி அறிய எளிய வழி ஒன்று உண்டு. தாலுகா மருத்துவமனையிலும் அதைச் செய்யலாம். அயோர்ட்டா வால்வின் வளையத்தை ஒட்டித்தான் இதயத்தின் மின்கம்பி போன்ற தசையிழை ஓடுகிறது. சீழ் அதைத் தொட்டால் இ.சி.ஜி.யில் பி.ஆர். இடைவெளி நீளும். தினமும் ஒரு இ.சி.ஜி. எடுத்து முந்தின நாள் தாளோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். நீண்டுகொண்டே போனால் அன்றே அறுவை மையத்துக்கு அனுப்பிவிட வேண்டும். இதயத் துடிப்பு முற்றிலும் தடைபடும்வரை காத்திருக்கக்கூடாது.

ஆறு வாரம் என்ற சொல் ஏழைக் குடும்பத்துக்கு என்ன பொருள் தருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். அறுவைச் செலவுக்குக் காப்பீட்டு அட்டை கைகொடுக்கலாம். கூடவே ஆறு வாரம் படுக்கையருகே இருக்கும் கணவனின் கூலிக்கு எந்த அட்டையும் கிடையாது. வேறு மாநிலத் தலைநகரில் அறை வாடகை, சாப்பாடு, வீட்டில் தனியே இருக்கும் பிள்ளைகள். பத்துப் பதினைந்து நாளில் காய்ச்சல் விட்டு நோயாளி தெளிவானதும் “போதும், ஊருக்குப் போவோம்” என்ற பேச்சு எழுகிறது. அது அறியாமையால் எழும் பேச்சல்ல; கையில் காசில்லாததால் எழும் பேச்சு. மருந்து பாதியில் நின்றால் நோய் திரும்பும், முன்னைவிட மூர்க்கமாக. ஆசாரிப்பள்ளத்தில் 2001 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆபத்தான முதல் வாரங்களைத் திருவனந்தபுரத்திலோ மதுரையிலோ கழித்த நோயாளி, மீதி ஊசிகளைத் தன் மாவட்டத்துக் கல்லூரி மருத்துவமனையில் போட்டுக்கொள்ள முறையான ஏற்பாடு வேண்டும். இரு மருத்துவமனைகளுக்கும் இடையே கடிதமும் தொலைபேசியும் ஓட வேண்டும். மாநில எல்லை இதற்கு இடையூறாக இருக்க எந்த நியாயமும் இல்லை.

டென்மார்க்கில் நடந்த பொயட் என்ற ஆய்வு 2018-இல் வெளியாகி இந்த விஷயத்தில் ஒரு கதவைத் திறந்தது. 400 நோயாளிகள், அவர்களில் கால்வாசிக்கும் சற்று அதிகமானோர் செயற்கை வால்வு உடையவர்கள். குறைந்தது பத்து நாள் ஊசி மருந்து பெற்று நிலைமை சீரானவர்களில் பாதிப்பேரை மாத்திரைக்கு மாற்றினார்கள். இறப்பு, நோய் திரும்புதல் முதலான கெட்ட விளைவுகள் ஊசியிலேயே இருந்தவர்களில் 12.1 விழுக்காடு, மாத்திரைக்கு மாறியவர்களில் 9 விழுக்காடு. மாத்திரை ஊசிக்குக் குறைந்ததல்ல என்றாயிற்று. ஆனால் இதை அப்படியே நாஞ்சில் நாட்டுக்கு எடுத்துவர எனக்குத் தயக்கம் உண்டு. அங்கே எல்லோருடைய கிருமிக்கும் பெயர் தெரிந்திருந்தது, எம்.ஆர்.எஸ்.ஏ. வகை அதில் இல்லை. இரண்டு வெவ்வேறு மருந்துகளைச் சேர்த்தே கொடுத்தார்கள். வாரம் இருமுறை மூன்றுமுறை நோயாளியைப் பார்த்தார்கள். கல்ச்சர் எடுக்காத இடத்தில் இந்த வசதி பயன்படாது. இங்கும் சிக்கல் முதல் நாளுக்கே திரும்பிப்போகிறது: கிருமியின் பெயர் தெரிந்தவருக்குத்தான் மாத்திரையோடு வீட்டுக்குப் போகும் வாய்ப்பு.

என்ன செய்யலாம்? வால்வு மாற்றியவர் கையில் ஏற்கெனவே ஒரு அட்டை இருக்கிறது. வால்வின் வகையும் எண்ணும் அதில் உண்டு. அதன் பின்பக்கத்தில் தமிழிலும் மலையாளத்திலும் இரண்டு வரி சேர்க்கலாம்: இவருக்குக் காய்ச்சல் வந்தால் ஆன்டிபயாட்டிக் தருவதற்கு முன் மூன்று பிளட் கல்ச்சர் எடுக்கவும். தக்கலை, குழித்துறை, குளச்சல், பூதப்பாண்டி போன்ற ஊர்களின் அரசு மருத்துவமனைகளில் கல்ச்சர் பாட்டில்கள் எப்போதும் இருக்க வேண்டும். எடுத்த பாட்டில் அன்றே ஆசாரிப்பள்ளம் போய்ச்சேர வண்டி வேண்டும். செஃப்ட்ரையாக்ஸோன் போன்ற மருந்துகளைச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது, விற்றதைத் தனிப் பதிவேட்டில் குறிக்க வேண்டும் என்ற ஹெச்-1 விதி 2014 மார்ச் முதல் நடப்பில் இருக்கிறது. ஆனால் அசித்ரோமைசினும் அமாக்ஸிசிலினும் தாராளமாகவே புழங்குகின்றன. கடைக்காரர் ஒரு கேள்வி கேட்டுப் பழகினால் போதும்: “நெஞ்சுல வால்வு ஆபரேஷன் ஏதும் செஞ்சிருக்கா?” ஆம் என்றால் காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும் கொடுத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடலாம்.

பல் வைத்தியமும் இதில் சேர்த்தி. பல் பிடுங்கும்போதும் ஈறைக் கீறும்போதும் வாயிலுள்ள ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ரத்தத்தில் கலக்கிறது. செயற்கை வால்வு உள்ளவர்கள் அதற்கு அரைமணி முதல் ஒரு மணி நேரத்துக்கு முன் 2 கிராம் அமாக்ஸிசிலின் ஒரே வேளையாகப் போட்டுக்கொள்ள வேண்டும் என்று அமெரிக்க, ஐரோப்பிய வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. பென்சிலின் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு மாற்று மருந்து உண்டு. ஆனால் வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் பல் பிடுங்கலைவிட, தினமும் ரத்தம் கசியும் ஈறுதான் பெரிய வாசல். வெற்றிலை பாக்கு சுண்ணாம்போடு ஈறு அரிந்துபோன வாய்கள் நம் ஊரில் ஏராளம். வால்வு மாற்றும் முன்பே பற்களை முழுதாகச் சீர்செய்துவிட வேண்டும். பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல் மருத்துவரிடம் போக வேண்டும். உதிரம் கொட்டும் என்று பயந்து ஐ.என்.ஆர். மாத்திரையைத் தானாக நிறுத்திவிட்டுப் பல் பிடுங்கப் போகிறவர்கள் உண்டு. அது இன்னொரு ஆபத்து.

சிகிச்சை முடிந்த நோயாளியை ஒன்று, மூன்று, ஆறு, பன்னிரண்டு மாதங்களில் வரச் சொல்கிறார்கள். மருந்து நிறுத்திய முதல் சில வாரங்களில் காய்ச்சல் வந்தால் நோய் திரும்பியிருக்கலாம் என்றே எடுத்துக்கொண்டு மறுபடியும் மூன்று கல்ச்சர் எடுப்பார்கள். ஒருமுறை வால்வில் கிருமி பிடித்தவருக்கு இரண்டாம் முறை வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். அவருடைய ஐ.என்.ஆர். நோட்டின் முதல் பக்கத்தில், அந்தக் கிருமியின் பெயரையும் எந்த மருந்துக்கு அது அடங்கியது என்பதையும் எழுதிவைத்தால், அடுத்த முறை நள்ளிரவில் அவரைப் பார்க்கும் புதிய மருத்துவருக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை.